நெருப்பில்லாமலும் புகையும்

2013 ஏப்ரல் 19, நள்ளிரவு தாண்டிய நேரம். அமெரிக்காவின் பாஸ்டனையொட்டிய வாட்டர்டவுனில் போலீசாருக்கும் இரண்டு இளைஞர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. நான்கு நாட்களுக்கு முன்புதான் பாஸ்டன் மாரத்தான் பந்தயத்தின் முடிவுக்கோட்டருகே இரண்டு குண்டுகள் வெடித்து மூன்று பேர் இறந்திருந்தார்கள், 260க்கும் மேற்பட்டோர் காயமடைந்திருந்தார்கள். யார் வைத்தது என்று தெரிந்துகொள்ள ஊரே துடித்தது. ஆயிரக்கணக்கானோர் போலீஸ் வயர்லெஸ் பேச்சை இணையம் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு காவலர், இந்த வழக்கோடு தொடர்பில்லாத யாரோ ஒருவரின் குடும்பப் பெயரை எழுத்துக்கூட்டினார். முதலெழுத்து தெளிவாகக் கேட்கவேண்டுமே என்று, நம் ஊரில் ‘எம் ஃபார் மதுரை’ என்கிற மாதிரி, ‘எம் ஃபார் மைக்’ என்றார். கேட்டவர்கள் ‘மைக்’ என்பதையும் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் மைக் என்ற முதற்பெயரோடு, உலகத்திலேயே இல்லாத ஒரு குற்றவாளி ட்விட்டரில் பிறந்துவிட்டார்.

அந்தப் பெயரைப் பரப்பிய ட்வீட்டில் இன்னொரு பெயரும் இருந்தது. அது பிரௌன் பல்கலைக்கழகத்தில் படித்த, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த 22 வயது மாணவருடையது. மார்ச் மாதத்திலிருந்தே அவரைக் காணவில்லை. அவரைத் தேடி வீட்டார் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கியிருந்தார்கள். ஏப்ரல் 18 மாலை எஃப்பிஐ வெளியிட்ட மங்கலான படங்களில் ஒன்று இவர் சாயலில் இருப்பதாக யாரோ சொல்ல, ரெடிட் தளத்தில் பேச்சு சூடுபிடித்தது. போலீசாரே வயர்லெஸில் பெயரைச் சொல்லிவிட்டார்கள் என்ற சேதி வந்ததும் சந்தேகம் தீர்ப்பாகிவிட்டது. பிற்பாடு ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்டுப் பார்த்த பத்திரிகையாளர் ஒருவர், அந்தப் பெயரை யாரும் உச்சரித்ததற்கு ஆதாரமே இல்லை என்று எழுதினார். பையனைக் காணாமல் தவித்த வீட்டாரின் பக்கத்தில் வசவுகள் குவிந்தன. அவர்கள் அதை மூடவேண்டியதாயிற்று. விடிந்தபோது உண்மையான குற்றவாளிகள் வேறு இருவர், அண்ணன் தம்பி, என்று தெரிந்தது. ஏப்ரல் 23 அன்று அந்த மாணவரின் உடல் பிராவிடன்ஸ் நகரத்து ஆற்றில் கிடைத்தது. குண்டு வெடிப்பதற்கு முன்பே அவர் இறந்துபோயிருந்தார். ரெடிட் நிர்வாகம் வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டது.

இந்தச் சம்பவத்தில் வேண்டுமென்றே பொய் சொன்னவர் என்று கைகாட்ட ஆளைத் தேடவேண்டியிருக்கிறது. சாயல் தெரிகிறது என்றவருக்கு உண்மையிலேயே சாயல் தெரிந்தது. பெயர் காதில் விழுந்தது என்று பகிர்ந்தவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். நம்பியதைத்தானே சொன்னார்கள், அது நேர்மைதானே என்று கேட்கலாம். ஆனால், ஒரு தகவலை ‘உண்மை’ என்று மனம் எப்படி முடிவுகட்டுகிறது என்பதைப் பற்றி உளவியல் இந்த அரை நூற்றாண்டில் கண்டுபிடித்திருப்பதைப் பார்த்தபிறகு, அந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று சொல்ல வாய் வராது.

புதிது என்றால் கால் முளைக்கும்

குண்டு வெடித்த நாட்களில் எம்ஐடியில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர் சொரூஷ் வொசூகி. சமூக ஊடகத்தில் தான் படித்ததில் கணிசமான பங்கு வெறும் வதந்தி என்று அப்போது அவருக்கு உறைத்தது. ஆய்வையே அந்தப் பக்கம் திருப்பினார். டெப் ராய், சினான் ஆரல் ஆகியோரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 2018 மார்ச் மாதம் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஓடிய சுமார் 1,26,000 தகவல் தொடர்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 30 லட்சம் பேர் அவற்றை 45 லட்சம் தடவைக்கு மேல் பகிர்ந்திருந்தார்கள். எது மெய், எது பொய் என்பதை ஆறு உண்மை சரிபார்ப்பு அமைப்புகளின் தீர்ப்பை வைத்துப் பிரித்தார்கள்.

உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் கூடுதலாக இருந்தது. 1,500 பேரைச் சென்றடைய, பொய்யைப்போல ஆறு மடங்கு நேரம் உண்மைக்குப் பிடித்தது. இதெல்லாம் தானியங்கிக் கணக்குகளின் வேலையாக இருக்குமோ என்று அவற்றை நீக்கிவிட்டும் பார்த்தார்கள், முடிவு மாறவில்லை. இயந்திரங்கள் இரண்டையும் ஒரே மாதிரிதான் பரப்பின. பாரபட்சம் காட்டியவர்கள் மனிதர்கள். பொய்த் தகவல்களுக்கு வந்த பதில்களில் வியப்பும் அருவருப்பும் தூக்கலாகத் தெரிந்தன. பொய்க்குப் புதுமை அதிகம். நடந்ததை மட்டும் சொல்லவேண்டிய கட்டாயம் அதற்குக் கிடையாதே!

இந்த ஆய்வே தலைப்புச் செய்தியானபோது ‘உண்மையைவிடப் பொய் ஆறு மடங்கு வேகம்’ என்று சுருங்கிப்போனது. சரிபார்ப்பவர்கள் கையில் எடுத்த தகவல்களுக்கு மட்டுமே அந்தக் கணக்கு பொருந்தும். அன்றாடம் வரும் ஆயிரமாயிரம் சாதாரணச் செய்திகள் அதில் இல்லை. ஜோனாஸ் யூல், ஜோஹன் உகாண்டர் என்ற இருவர் 2021இல் அதே தரவுகளை இன்னொரு விதமாக அலசினார்கள். ஒரே அளவுக்குப் பரவிய மெய்யையும் பொய்யையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், பரவும் விதத்தில் இருந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. பொய்க்கென்று தனிப் பாதை இல்லை. ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போகும் வாய்ப்பு அதற்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

அந்த ‘கொஞ்சம்’ என்ன செய்யும் என்று கணக்குப் போடலாம். ஒரு தகவல் 100 பேரிடம் தொடங்குகிறது. ஒருவர் சராசரியாக 1.1 பேருக்குக் கடத்தினால், 20 கை மாறும்போது அந்தச் சுற்றில் மட்டும் சுமார் 670 பேர் இருப்பார்கள். சராசரி 0.9 ஆக இருந்தால் 12 பேர்தான் மிஞ்சுவார்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி, பத்துப் பேரில் இரண்டு பேர் ‘அனுப்பவேண்டாம்’ என்று நிறுத்திக்கொள்வது மட்டுமே. நான் ஒருத்தன் அனுப்பாவிட்டால் நின்றுவிடவா போகிறது என்ற வாதம் இந்தக் கணக்கில் அடிபட்டுப்போகிறது.

சேலை கட்டிய ஸ்காட்லாந்துக்காரர்

பரவுவது ஒருபுறம் இருக்கட்டும், நம்புவது எப்படி? 1977இல் லின் ஹேஷர், டேவிட் கோல்ட்ஸ்டீன், தாமஸ் டாப்பினோ ஆகிய மூவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 60 கூற்றுகளைக் கொடுத்து, எவ்வளவு தூரம் உண்மையாக இருக்கும் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். கூற்றுகளில் சில மெய், சில பொய். அவற்றில் 20 மட்டும் மூன்று முறையும் திரும்ப வந்தன. திரும்ப வந்தவற்றுக்கு, மெய்யோ பொய்யோ, மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. புதிதாக வந்தவற்றுக்கு ஏறவில்லை. ஒரு வாக்கியத்தை இரண்டாம் தடவை சந்திக்கும்போது மூளைக்கு அதைப் புரிந்துகொள்வது எளிதாகிறது. அந்த எளிமையை மனம் உண்மையின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது.

விஷயம் தெரியாதவர்கள்தான் இப்படி ஏமாறுவார்கள் என்றே நீண்ட காலம் எண்ணியிருந்தார்கள். லிசா ஃபாஸியோவும் மற்றவர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைக் கலைத்தது. அவர்கள் கொடுத்த கூற்றுகளில் ஒன்று: ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் மடிப்பு வைத்த குட்டைப் பாவாடையின் பெயர் சேலை. அது ‘கில்ட்’ என்பது தெரிந்தவர்கள்கூட, முன்பே ஒருமுறை கண்ணில் பட்டிருந்தால், இந்த மாதிரிக் கூற்றுகளுக்குச் சற்றுக் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். சரியான விடை மனத்தில் இருந்தும் அதை எடுத்துப் பார்க்காமல், வாக்கியம் வழுக்கிக்கொண்டு போவதை வைத்தே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். குடும்பக் குழுவில் ஒன்று, தெருக் குழுவில் ஒன்று, பழைய பள்ளித்தோழர்கள் குழுவில் ஒன்று என ஒரே செய்தி மூன்று தடவை வந்துசேரும்போது, அதை மூன்று சாட்சிகளாக மனம் எண்ணிக்கொள்வது இதனால்தான். மூன்றுக்கும் ஊற்று ஒன்றே என்பது எங்கும் எழுதியிருக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பகிரும் நேரத்தில் ‘உண்மையா’ என்ற கேள்வியே பலருக்கு எழுவதில்லை. கார்டன் பென்னிகுக், டேவிட் ராண்ட் குழுவினர் 2021இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. அமெரிக்காவை நோக்கி வந்த குடியேறிகள் 500க்கும் மேற்பட்டோர் தற்கொலைக் குண்டு அங்கிகளோடு பிடிபட்டார்கள் என்ற பொய்த் தலைப்பைக் குடியரசுக் கட்சி ஆதரவாளர்களிடம் காட்டினார்கள். உண்மை என்று சொன்னவர்கள் 16 சதவீதம் பேர். பகிர்வேன் என்று சொன்னவர்கள் 51 சதவீதம் பேர்! இவர்களைப் பொய்யர்கள் என்று தள்ளிவிட முடியாது. உண்மையானதை மட்டுமே பகிரவேண்டும் என்பதுதான் பெரும்பாலோரின் கொள்கையாகவும் இருந்தது. விரல் பொத்தானுக்குப் போகும்போது கவனம் வேறெங்கோ இருந்திருக்கிறது: இது நம் பக்கத்துக்கு வலுச் சேர்க்குமா, நண்பர்கள் என்ன சொல்வார்கள், எத்தனை பேர் பார்ப்பார்கள்.

ஆகவே அவர்கள் ட்விட்டரில் 5,000க்கும் மேற்பட்ட பயனர்களுக்கு ஒரு சின்னக் கேள்வியை அனுப்பினார்கள். அரசியலே இல்லாத ஒரு தலைப்பைக் கொடுத்து, இது சரியானதாக இருக்குமா என்று மட்டும் கேட்டார்கள். புத்திமதி, எச்சரிக்கை எதுவும் கிடையாது. அதன்பிறகு அந்தப் பயனர்கள் பகிர்ந்த செய்தித் தளங்களின் தரம் சற்று உயர்ந்தது. விளைவு சிறியதுதான். ஆனாலும் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்தது. பலருக்கு அறிவு போதாமல் இல்லை. அதைக் கூப்பிட்டு நிறுத்தும் ஒரு கணம்தான் போதவில்லை.

பயம் காரணம் தேடும்

1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் குலுக்கிய நிலநடுக்கத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதையடுத்து ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளவியலாளர் அசாத்தியமான ஒரு வேலை செய்தார். நடுக்கத்தை நன்றாக உணர்ந்தும் பெரிய சேதத்தைக் கண்ணால் காணாத மக்களிடையே ஓடிய வதந்திகளைத் திரட்டினார். கங்கையின் நீர் திடீரென்று மறைந்துபோய், குளித்துக்கொண்டிருந்தவர்கள் மணலில் புதைந்தார்கள் என்றது ஒன்று. பாட்னாவைப் பெரும்புயல் தாக்கப்போகிறது என்றது ஒன்று. சந்திரகிரகணத்தன்று இன்னும் கடுமையாகப் பூமி அதிரும் என்றது மற்றொன்று.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து இதைப் படித்த அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கருக்கு ஒரு விஷயம் புதிராகப்பட்டது. ஏற்கெனவே பயந்திருப்பவர்கள் ஏன் இன்னும் பயமூட்டும் சேதிகளைத் தேடிப் பிடிக்கவேண்டும்? ஆறுதல் தரும் வதந்தி அல்லவா பரவியிருக்கவேண்டும்? அவர் கண்ட விடை, பின்னால் புகழ்பெற்ற ‘அறிவு முரண்பாடு’ என்ற அவருடைய கோட்பாட்டுக்கே வித்தாக அமைந்தது. இடிபாடுகளுக்கு நடுவே நிற்பவருக்குத் தன் பயத்துக்குக் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. சேதமே இல்லாத ஊரில் நெஞ்சு படபடக்க நிற்பவருக்கு அது இல்லை. அந்தப் படபடப்புக்குப் பொருத்தமான ஒரு காரணம் அவருக்குத் தேவைப்படுகிறது. பயம் முதலில் வருகிறது, அதற்கேற்ற சேதி பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது.

84 ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டில் அதே பயம் வேறு உருவில் வந்தது. 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் ஒலித்துண்டுகளும் காணொளிகளும் சுற்றின. அந்த மாதங்களில் நாட்டின் பல பகுதிகளில் சுற்றிய காணொளி ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் ஒரு தொண்டு அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அதே ஆட்கள் திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிடுகிறார்கள். பிள்ளைகள் மீது ஒரு கண் இருக்கட்டும் என்ற பொருளில் ஓர் அட்டையை விரித்துக் காட்டுகிறார்கள். அந்தக் கடைசிச் சில வினாடிகளை யாரோ வெட்டிவிட்டார்கள். படத்தில் பொய்யான காட்சி ஒன்றுகூடச் சேர்க்கப்படவில்லை. வெட்டியதே போதுமானதாக இருந்தது.

அந்த மே மாதம் 9ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், சென்னையிலிருந்து காரில் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. 65 வயதுப் பெண்மணி அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற சேதி பரவிக் கூட்டம் கூடியது. அடித்ததில் அவர் இறந்துபோனார். உடன் வந்தவர்கள் காயமடைந்தார்கள். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் இதே வதந்திக்கு ஐந்து பேர் பலியானார்கள். அதன்பிறகுதான் வாட்ஸ்அப் நிறுவனம் ஃபார்வர்டு ஆகும் செய்திகளுக்கு அடையாளம் இட்டது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பமுடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கியபோது, அவ்வகைச் செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனம் சொன்னது. செய்தியைத் தடுக்கவில்லை, கைக்குக் கை மாறும் எண்ணிக்கையைத்தான் கொஞ்சம் குறைத்தார்கள். 1.1க்கும் 0.9க்கும் உள்ள வேறுபாடு இங்கே கண்கூடு.

அடையாளத்துக்கு எவ்வளவு எடை?

பொதுவான புரளியைப் பகிர்வதற்கும் ஓர் ஆளைச் சுட்டிக் குற்றம் சாட்டுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டாவதில் நாம், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு நிகழ்தகவுக் கணக்கைப் போடுகிறோம். பெரும்பாலும் தப்பாகவே போடுகிறோம்.

பாஸ்டன் மாரத்தானைப் பார்க்க வழியெங்கும் சுமார் 5 லட்சம் பேர் கூடுவார்கள் என்பது வழக்கமான மதிப்பீடு. இணையத் துப்பறிவாளர்கள் கூட்டப் படங்களில் முதுகுப்பை மாட்டியவர்களைத் தேடி வட்டம் போட்டார்கள். இருபதில் ஒருவர் பை வைத்திருந்தார் என்று வைத்துக்கொண்டால் பைக்காரர்கள் 25,000 பேர். குற்றவாளிகள் 2 பேர். பை வைத்திருப்பவரைக் காட்டி ‘இவர்தான்’ என்றால் சரியாக இருக்க 12,500இல் ஒரு வாய்ப்பு. அடையாளத்தை இன்னும் கூர்மையாக்கிப் பார்க்கலாம். குற்றமற்றவர்களில் நூற்றுக்கு ஒருவரிடம் மட்டுமே காணப்படும் அடையாளம் என்றாலும், 5,000 அப்பாவிகள் அதில் மாட்டுவார்கள். ‘99 சதவீதம் பொருந்துகிறது’ என்று துள்ளிக் குதிக்கும் இடத்தில், 2,500க்கு ஒன்று என்ற அளவில்தான் நிற்கிறோம். தேடும் கூட்டம் பெரிதாகப் பெரிதாக, தற்செயலாகப் பொருந்தும் அப்பாவிகளின் எண்ணிக்கையும் பெரிதாகும். குற்றவாளிகளின் எண்ணிக்கை அதே இரண்டுதான்.

அப்படியானால் எஃப்பிஐ எப்படிக் கண்டுபிடித்தது? நீதிமன்றத்தில் அவர்கள் தாக்கல் செய்த வாக்குமூலத்தில் ஒரு காணொளி விவரிக்கப்படுகிறது. உணவகம் ஒன்றின் எதிரே கூட்டம். தொலைவில் முதல் குண்டு வெடிக்கிறது. ஏறக்குறைய எல்லாத் தலைகளும் சத்தம் வந்த பக்கம் திரும்புகின்றன, முகங்களில் திகைப்பு. ஒருவர் மட்டும் பதறவில்லை. அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிதானமாக, ஆனால் விரைவாக, எதிர்த்திசையில் நடக்கிறார். வரும்போது அவரிடம் இருந்த பை இப்போது இல்லை. சில வினாடிகளில், பை இருந்த இடத்தில் இரண்டாவது குண்டு வெடிக்கிறது.

பை வைத்திருப்பது அப்பாவிகளிடமும் சாதாரணமாகக் காணப்படுவது. பையை விட்டுவிட்டு, குண்டுச் சத்தத்துக்குக் கலங்காமல் நடையைக் கட்டுவது அப்பாவிகளிடம் காணவே கிடைக்காதது. ஓர் அடையாளத்தின் எடை, அது குற்றவாளிக்குப் பொருந்துகிறதா என்பதில் மட்டும் இல்லை. அப்பாவிகளுக்கு எத்தனை தூரம் பொருந்தாது என்பதிலும் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒப்பிடும் அளவுக்குப் புள்ளியியலில் நிகழ்தகவு விகிதம் என்று பெயர். அத்திமூருக்கும் இதே கேள்விதான். பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கும் வெளியூர்க்காரர்களில் கடத்தல்காரர் எத்தனை பேர், பிள்ளைகள் மீது பிரியப்பட்டவர் எத்தனை பேர்? இந்தக் கேள்வியைக் கேட்க அன்று அங்கே ஒருவருக்கும் பொழுதில்லை.

ஒரே பெயரில் ஒரே ஊரில் பத்துப் பேர் இருக்கிற நம் நாட்டில், இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். குற்றச்சாட்டில் இருக்கும் பெயர் உண்மையாகவே இருக்கலாம். அதனுடன் ஒட்டப்பட்ட புகைப்படம் அதே பெயருடைய வேறொருவருடையதாக இருக்கலாம். ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள எழுத்துகளை யார் வேண்டுமானாலும் மாற்றி அடிக்கலாம். மூலப் பதிவைத் திறந்து பார்க்கும்வரை, சம்பந்தப்பட்டவர் என்ன சொல்கிறார் என்று கேட்கும்வரை, கையில் இருப்பது சந்தேகம் மட்டுமே.

பக்கவாட்டில் பார்ப்பவர்கள்

சரிபார்ப்பது என்றால் என்ன? உற்று உற்றுப் பார்ப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் மூன்று வகையினரைக் கணினி முன் உட்காரவைத்தார்கள்: 10 வரலாற்று அறிஞர்கள், 10 தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள். குழந்தை மருத்துவர்களின் இரண்டு சங்கங்களுடைய இணையதளங்களைக் காட்டி, எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று 1930 முதல் இயங்கும், பல்லாயிரம் உறுப்பினர்கள் கொண்ட தாய்ச் சங்கம். மற்றது அதிலிருந்து 2002இல் பிரிந்துபோன சிறு குழு. பெயரில் இரண்டும் உடன்பிறப்புகள் மாதிரி இருந்தன. மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிறு குழுவையே தேர்ந்தெடுத்தார்கள். அறிஞர்களிலும் பாதிப் பேருக்குத்தான் சரியான விடை கிடைத்தது. சரிபார்ப்பாளர்கள் பத்துப் பேரும் சரியாகச் சொன்னார்கள்.

மற்றவர்கள் தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் போய், வடிவமைப்பு, சின்னம், மேற்கோள் பட்டியல் எல்லாவற்றையும் கவனமாகப் படித்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு ஜன்னல்களைத் திறந்தார்கள். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை எவ்வளவு நேரம் படித்தாலும் அவர் யார் என்று தெரியாது.

கைபேசிக்கு வரும் காணொளிக்கும் இதே முறைதான். 2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின; பீகார் சட்டமன்றம் வரை விவகாரம் போனது. பரவிய இரண்டைப் பற்றித் தமிழ்நாட்டின் அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். ஒன்றில் இருந்தது திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களே இரு கோஷ்டியாக மோதிக்கொண்டது. மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த அடிதடி. காட்சி இரண்டிலும் உண்மை. மேலே எழுதிய வாசகம்தான் பொய். இப்படிப்பட்ட காணொளியை எத்தனை தடவை திரும்பத் திரும்ப ஓட்டினாலும் பொய் தட்டுப்படாது. ஒரு காட்சியை நிறுத்திப் படமெடுத்துக் கூகுள் லென்ஸில் போட்டால், அது முதலில் எப்போது, எந்த ஊர்ப் பெயரோடு வந்தது என்று பல சமயம் தெரிந்துவிடும். தொலைக்காட்சிச் சின்னத்தோடு வரும் நியூஸ் கார்டு என்றால், அந்தத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்தில் அதே தேதியில் அது இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

‘வந்ததை அப்படியே அனுப்பினேன், படிக்கக்கூட இல்லை’ என்ற சாக்கும் இப்போது செல்லாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை 2018இல் பகிர்ந்த பிரமுகர் ஒருவரின் வழக்கில், பகிர்ந்தவரும் அந்தச் செய்திக்குப் பொறுப்பாளியே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் கூறியது. அந்த ஆண்டே உச்ச நீதிமன்றம் சென்றும் அவருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை.

திருத்தினால் போதாதா?

அவசரத்தில் பகிர்ந்துவிட்டோம், தப்பு என்று தெரிந்ததும் நீக்கிவிட்டு ‘மன்னிக்கவும்’ என்று போட்டால் கணக்கு தீர்ந்துவிடாதா? ஹோலின் ஜான்சனும் காலின் சைஃபெர்ட்டும் 1994இல் செய்த சோதனை இதற்கு விடை சொல்கிறது. ஒரு கிடங்கில் தீப்பிடித்ததைப் பற்றிய செய்திகளை ஒவ்வொன்றாகப் படிக்கக் கொடுத்தார்கள். அலமாரி அறையில் எண்ணெய்ப் பெயின்ட் டப்பாக்களும் எரிவாயு உருளைகளும் இருந்தன என்றது ஆரம்பத்தில் வந்த ஒரு செய்தி. பிறகு வந்த செய்தி, அது தவறு, அந்த அறை காலியாக இருந்தது என்றது. எல்லாம் முடிந்தபின், புகை ஏன் அத்தனை அடர்த்தியாக இருந்தது என்று கேட்டார்கள். ‘பெயின்ட் எரிந்ததால்’ என்று பலர் பதில் எழுதினார்கள். அறை காலி என்ற திருத்தத்தைச் சரியாக நினைவில் வைத்திருந்தவர்களும் அப்படி எழுதினார்கள்!

பெயின்ட்டை எடுத்துவிட்டால் கதையில் ஓர் ஓட்டை விழுகிறது. காரணமில்லாத கதையை வைத்துக்கொள்வதைவிடத் தப்பான காரணத்தோடு வைத்துக்கொள்வது மனத்துக்குச் சௌகரியம். ‘நெருப்பில்லாமல் புகையுமா’ என்று ஊரில் கேட்பது இந்தச் சௌகரியத்தைத்தான். குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்று ஆனபின்பும் ‘ஏதோ இருக்கப்போய்த்தானே பேச்சு வந்தது’ என்ற நினைப்பு மிஞ்சி நிற்பது இதனால்தான். பேச்சு வந்ததே அதற்குச் சாட்சியாகிவிடுகிறது. பழியைச் சுமத்துவதும் அதை இறக்குவதும் சமமான வேலைகள் அல்ல. ஒன்றைச் செய்ய ஒரு நொடி, மற்றதை முழுமையாகச் செய்யவே முடியாது. சரிபார்ப்பதைப் பகிர்வதற்குப் பின்னால் தள்ளிவைக்க முடியாததற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

அதே ஆய்வில் நம்பிக்கை தரும் ஒரு முடிவும் இருந்தது. ‘பெயின்ட் இல்லை’ என்பதோடு நிறுத்தாமல், தீயை யாரோ வேண்டுமென்றே வைத்ததற்குத் தடயம் கிடைத்திருக்கிறது என்ற மாற்றுக் காரணத்தையும் சொன்னபோது, பழைய பொய்யின் பிடி வெகுவாகத் தளர்ந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தமே நிற்கும்.

ஆகவே ஏற்கெனவே ஒன்றைப் பரப்பிவிட்டவர் செய்யவேண்டியதும் தெளிவு. சத்தமில்லாமல் நீக்குவது திருத்தம் ஆகாது. பார்த்தவர்கள் மனத்தில் அது அப்படியே இருக்கும். எந்தக் குழுவில் போட்டோமோ அதே குழுவில், நான் அனுப்பியது தவறு, உண்மையில் நடந்தது இது, இது எனக்குத் தெரிந்தது இப்படி என்று மூன்றையும் சேர்த்து எழுதவேண்டும். அனுப்புவதற்கு முன்னால் இருப்பவருக்கு வேலை அதைவிடச் சுலபம். இந்தத் தகவல் எனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு ‘வந்தது’, ‘எல்லோரும் சொல்கிறார்கள்’, ‘பார்த்தாலே தெரிகிறது’ என்பவை தவிர வேறு பதில் இல்லையென்றால், அதைத் தெரிந்ததாகச் சொல்லும் உரிமை இன்னும் வரவில்லை. பொய் சொல்லாமல் இருப்பது நேர்மையில் பாதி. தெரியாததைத் தெரிந்த குரலில் சொல்லாமல் இருப்பது மீதிப் பாதி. ஒருவர் பெயரை இழுக்கும்போது அந்த மீதிப் பாதிதான் முழுவதும்.